பாதித் தலையில் ஒரு பொருளாதாரத் தடை

ஜெனரல் சலூனை விட்டு வெளியே வந்தபோது அவர் தலையில் வலது பக்கம் முடிந்திருந்தது. இடது பக்கம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

கழுத்தில் சலூன்காரரின் வெள்ளைத் துணி வேறு. அதை அவிழ்த்துக் கொடுக்கத் திரும்பிப் போனால் மானம் போய்விடும் என்று, கட்டிய துணியோடே நடந்தார். பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு பெண்மணி அவரைப் பார்த்துவிட்டு, நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் நிஜ ஜெனரல் இல்லை. குடிநீர் வாரியத்தில் மீட்டர் பிரிவுக் கண்காணிப்பாளர். ஐந்து மாதத்துக்கு முன்னால் எங்கோ ஒரு பெரிய நாடு, பக்கத்துச் சின்ன நாட்டுக்குள் படையோடு புகுந்தது. அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு மேசையில் சகாக்களின் டப்பாக்களை நகர்த்தி வைத்து, "இது ஆறு, இது பாலம், இது தலைநகர்" என்று விளக்க ஆரம்பித்தார். முதல் வாரம் எல்லோரும் கேட்டார்கள். இரண்டாம் வாரம், முற்றுகை உச்சத்தில் இருந்தபோது, தலைநகரை ஒருவர் எடுத்துச் சாப்பிட்டுவிட்டார். ஜெனரல் என்ற பெயர் அன்றுதான் வந்தது. அதில் முக்கால் பங்கு கேலி என்பது அவருக்கே தெரியும். மிச்சக் கால் பங்கு மரியாதைகூட அந்தப் பிரிவில் வேறு யாருக்கும் கிடைத்ததில்லை என்பதால் பேசாமல் ஏற்றுக்கொண்டார்.

ஆனால் விளையாட்டுக்காக அவர் இதில் இறங்கவில்லை. படையெடுப்பு தொடங்கிய மூன்றாம் நாள் பேப்பரில் ஒரு படம் வந்தது. குண்டு விழுந்து பின்சுவரே இல்லாமல் போன வீட்டின் முன்கதவை ஒருவர் கவனமாகப் பூட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து ஜெனரல் அழுதார். அழுது முடித்ததும் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். இதுவரை நாற்பத்தொரு கடிதங்கள். இரண்டு பிரசுரமாயின. ஒன்றில் அவர் எழுதியதில் மிஞ்சியது அவர் பெயர் மட்டும்தான்.

நாற்பத்திரண்டாவது கடிதத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்பினார். அவர்கள் கூப்பிட்டுவிட்டார்கள். 'தடைகள் வேலை செய்யுமா?' என்ற மக்கள் விவாதம். இன்று சாயங்காலம் நான்கு மணிக்கு நேரடி ஒளிபரப்பு. அவருக்கு இரண்டு நிமிடம். தன் பேச்சால் ஒரே ஒரு ஆளாவது மனம் மாறினால் போதும் என்று இரவெல்லாம் மனப்பாடம் செய்தார். காலையில் முடி வெட்டிக்கொள்ளப் போனார்.

போன இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"தடையைப் போட்டு மூச்சு முட்ட வைக்கணுங்க. ஆறே மாசத்துல பின்வாங்கிடுவாங்க" என்று அவர்தான் ஆரம்பித்தார்.

"யாருக்கு சார் மூச்சு முட்டும்?" என்றார் சலூன்காரர், கத்தரியை நிறுத்தாமல். "தடை போட்டவன் வீட்டுலதான் விளக்கு எரியாது. படையெடுத்தவனுக்கு என்ன? அவன் வேற கடையில வாங்கிக்கிட்டுப் போயிட்டே இருப்பான்."

"அந்தச் சின்ன நாட்டுத் தலைவரைப் பாருங்க. ஊரை விட்டு ஓடாம உள்ளேயே உக்காந்திருக்காரே, அது தலைமை!"

"போக்கிடம் இல்லாம உக்காந்திருக்காரு. நீங்களும் நானும் வீட்டுல உக்காந்திருக்கிற மாதிரி."

ஒன்பது வருடங்களாக ஜெனரல் இந்த நாற்காலியில்தான் உட்காருகிறார். ஒன்பது வருடங்களில் ஒரு விஷயத்தில்கூட சலூன்காரர் அவரோடு ஒத்துப்போனதில்லை. மழை வரும் என்றால் வராது என்பார். ஆனால் இன்று பின்சுவர் இல்லாத அந்த வீடு ஜெனரலின் கண்முன் வந்துவிட்டது.

"நிறுத்துங்க!" என்று எழுந்தார். "இந்த நிமிஷத்திலேர்ந்து உங்க கடைக்கு நான் தடை போடறேன்!"

சலூன்காரர் கத்தரியோடு நின்றார். "இடது பக்கம் சார்..."

"இடது பக்கத்தையும் சேர்த்துத்தான்!"

இரண்டாவது நாற்காலிக்குப் பின்னால் நின்று வேலை செய்யும் மனிதர், ஜெனரலுக்குத் தெரிந்து இதுவரை வாயே திறக்காதவர், கதவை மட்டும் திறந்துவிட்டார்.

எதிர்ச்சாரியில் இன்னொரு சலூன் இருந்தது. ஜெனரல் உள்ளே போய் உட்கார்ந்தார். அந்தக் கடைக்காரர் தலையைச் சுற்றி வந்து பார்த்தார். கழுத்துத் துணியில் தைத்திருந்த கடைப் பெயரைப் படித்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டார்.

"இது எதிர்க்கடைக்காரர் கை வெச்ச தலை சார். பாதியில நின்ன தலையை இன்னொருத்தர் தொடறதில்லைன்னு எங்களுக்குள்ள ஒரு கட்டுப்பாடு. நாளைக்குக் கோணல்னு நீங்க வந்து நின்னா, யார் கோணல்னு தகராறு வரும் பாருங்க. அவரு ஒரு போன் பண்ணிச் சொல்லட்டும், உடனே முடிச்சுடறேன்."

"அவர்கிட்ட நான் பேசறதில்லை."

"எப்பலேர்ந்து?"

"அஞ்சு நிமிஷமா."

"அப்ப கஷ்டம் சார்."

"வேற கடை?"

"இந்தத் தெருவுல ஆறு கடை. ஆறும் ஒரே பேச்சுத்தான்."

ஆறு பேரும் ஒரே குரலில் ஒருவரைத் தள்ளி வைப்பது. உலக நாடுகள் இப்படி ஒற்றுமையாக நிற்க வேண்டும் என்று நாற்பத்தொரு கடிதங்களில் எழுதியவர் அவர்தான். அது இவ்வளவு ஒழுங்காக நடக்கக் கூடிய விஷயம் என்று அவரே நம்பியிருக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில், நான்கு மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்து, அவர் தலையைப் பார்த்து, மறுபடி கதவைச் சாத்தப் போனாள்.

"நான்தான்" என்றார் ஜெனரல்.

நடந்ததைச் சொன்னார். அவள் முழுதாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். "தடையை யாருக்குங்க போட்டீங்க? அவருக்கா, நமக்கா?"

"போகப் போகத் தெரியும்."

"நாலு மணிக்கே தெரிஞ்சிடும். என் அக்கா, உங்க தங்கச்சி, மாடி வீட்டுக்காரங்க, எல்லார்கிட்டயும் டிவி பாருங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். பேசாம அந்த மனுஷன்கிட்ட போய் மன்னிப்புக் கேளுங்க."

"படையெடுத்தவன்கிட்ட மன்னிப்பா?"

"அவரு எங்கங்க படையெடுத்தாரு? நீங்கதானே அவர் கடைக்குப் போனீங்க?"

ஜெனரல் ஒரு தொப்பியைத் தேடினார். கல்லூரியில் படிக்கும் மகள் தன் தொப்பி ஒன்றைக் கொடுத்தாள். சந்தேகத்துக்குத் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போன் செய்து கேட்டார்.

"தொப்பி வேண்டாம் சார், முகத்துல நிழல் விழும்" என்றாள் நிகழ்ச்சியை ஒருங்கிணைக்கும் பெண். "தலை சீவிட்டு வந்தாப் போதும்."

"எனக்கு எந்தப் பக்கம்மா சீட்?"

"தடைக்கு ஆதரவா பேசறவங்க எல்லாம் ஒரே வரிசை சார். கேமரால உங்க இடது பக்கம் நல்லா விழும்."

"வலது பக்கம் விழற மாதிரி சீட் கிடைக்குமா?"

"எதிர் வரிசையில ஒண்ணு காலியா இருக்கு. ஆனா அங்க உக்காந்தா நீங்க தடைக்கு எதிரா பேசணும்."

ஜெனரல் எட்டு விநாடி இடது கிருதாவைத் தடவிக்கொண்டிருந்தார். ஐந்து மாதக் கொள்கைக்கும் ஒரு பக்கத்துக் கிருதாவுக்கும் நடந்த அந்தப் போரில் கிருதாவின் கை ஓங்கிக்கொண்டே போனது. அவர் தன்னைப் பற்றி எத்தனையோ உயர்வாக நினைத்து வைத்திருந்தார். அத்தனையும் அந்த எட்டு விநாடியில் காலி.

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றார்.

"அப்பா!" என்றாள் மகள்.

"சும்மா விசாரிச்சேன்."

அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்து சேர்ந்தான். டிவியில் வரப்போவது தானே என்பது மாதிரி உடுத்திக்கொண்டு வந்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் தன் வீட்டுக்கு ஓடிப்போய் முடிவெட்டும் மெஷின் ஒன்றை எடுத்து வந்தான்.

"இடது பக்கத்தை வலது பக்கத்துக்குச் சமமா கொண்டு வரணும், அவ்வளவுதானே மாமா? அஞ்சு நிமிஷ வேலை."

"இதுக்கு முன்னாடி யாருக்காவது பண்ணியிருக்கியா?"

"எங்க வீட்டு நாய்க்குப் பண்ணியிருக்கேன்."

"நாய் என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலை மாமா. இப்ப என்கிட்ட வர்றதில்லை."

மெஷின் முன்னால் மாட்ட வேண்டிய பிளாஸ்டிக் சீப்பை அவன் மாட்டவில்லை. காதுக்கு மேலே தொடங்கி உச்சி வரை ஒரு புதிய சாலை போட்டான். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். தவறைச் சரிசெய்ய, வலது பக்கமும் அதே மாதிரி ஒன்று போட்டான். சமமாகிவிட்டதா என்று பார்க்க நான்கு அடி பின்னால் நகர்ந்தான். பிறகு இன்னும் கொஞ்சம் நகர்ந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். அந்தத் தலை எந்தக் கொள்கைக்கும் உதவாது.

மணி இரண்டு. மனைவி வெள்ளைத் துணியை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

வழி நெடுக ஜெனரல் சமாதான வாசகங்களைத் தயார் செய்தார். 'தவறான புரிதல்' என்று சொல்லலாம். 'இரு தரப்பும்' என்று சேர்த்துக்கொள்ளலாம். கடைசியில் 'துணியைத் திருப்பிக் கொடுக்க வந்தேன்' என்று மட்டும் சொல்வதே கௌரவம் என்று முடிவு செய்தார். கையில் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு எதிரியின் வாசலுக்குப் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்பது கடைப் படியில் கால் வைத்த பிறகுதான் உறைத்தது. அப்படியே நின்றார்.

உள்ளேயிருந்து சலூன்காரரின் குரல் கேட்டது.

"அதெப்படி சார் அப்படிச் சொல்றீங்க? தடை போட்டு மூச்சு முட்ட வைக்கணும். ஆறே மாசத்துல பின்வாங்குவான் பாருங்க!"

ஜெனரல் காதைத் தீட்டிக்கொண்டார். நாற்காலியில் இருந்தவர் மருந்துக்கடைக்காரர். பலசாலி எவனோ அவன் பக்கமே எப்போதும் பேசுகிறவர்.

"தடையால ஒண்ணும் ஆகாதுய்யா!" என்று மருந்துக்கடைக்காரர் கத்தினார்.

"ஆகும் சார்! அந்தத் தலைவரைப் பாருங்க, ஊரை விட்டு ஓடாம உக்காந்திருக்காரே, அது தலைமை!"

வார்த்தைக்கு வார்த்தை தன்னுடையது! ஜெனரலுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தடை போட்டு நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை, எதிரி மனம் மாறிவிட்டான். ஒன்பது வருடம் பேசிப் பேசி நடக்காதது, ஒரு பக்க முடியைத் தியாகம் செய்ததும் நடந்துவிட்டது. இன்று நான்கு மணிக்கு முதல் வாக்கியமே இதுதான். 'தடை வேலை செய்யும். என் கண்ணால் பார்த்தேன்.' நிஜமாகவே அழுகை வந்தது.

மருந்துக்கடைக்காரர் சிவந்த முகமும் சீரான தலையுமாக இறங்கிப் போனதும், ஜெனரல் உள்ளே போய்க் கம்பீரமாக உட்கார்ந்தார்.

சலூன்காரர் தலையைப் பார்த்துத் திடுக்கிட்டார். "யார் சார் இப்படிப் பண்ணினது?"

"உள்நாட்டுக் குழப்பம்" என்றார் ஜெனரல். "முழுக்க ஒட்ட வெட்டிடுங்க. நமக்குள்ள இருந்த தடையை நான் நீக்கிட்டேன். நீங்க மனசு மாறினதை வாசல்ல நின்னு கேட்டேன்."

சலூன்காரர் துணியை வாங்கி உதறி, அவர் கழுத்தில் கட்டினார். கத்தரியை எடுத்தார்.

"ஆனா சார், இந்தத் தடை கிடையெல்லாம் சும்மா. அவன் வேற கடையில வாங்கிக்கிட்டுப் போயிட்டே இருப்பான்."

"யோவ்! இப்பத்தானேய்யா மருந்துக்கடைக்காரர்கிட்ட..."

"அது அவருக்குச் சொன்னது சார்."

ஜெனரலுக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் எழுந்து போக முடியாது. மணி இரண்டரை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணாடியை முறைத்தபடி, சிலையாக உட்கார்ந்திருந்தார். இருபது நிமிடம் சலூன்காரர் ஆற்றையும் பாலத்தையும் தலைநகரையும் எதிரிக்கு வாரி வழங்கினார். முடிந்தபோது தலை பளிச்சென்று, பிசிறில்லாமல், முன்பைவிட லட்சணமாக இருந்தது. சலூன்காரர் கை கழுவப் பின்கட்டுக்குப் போனார்.

ஜெனரல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். டிவியில் சொல்ல வைத்திருந்த முதல் வாக்கியம் போய்விட்டது. மிச்ச வாக்கியங்களின் மேலும் நம்பிக்கை போய்விட்டது. இரண்டாவது நாற்காலிக்காரர் பக்கம் திரும்பினார்.

"நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க. ஒன்பது வருஷமா பேசறேன். ஒரே ஒரு தடவையாவது நான் சொன்னது அந்த மனுஷன் மனசுல பட்டிருக்கா? அவரு நிஜமா எந்தப் பக்கம்?"

இரண்டாவது நாற்காலிக்காரர் சீப்பைத் துடைத்து வைத்துவிட்டு, முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"எந்தப் பக்கமும் இல்ல சார். ஒத்துப் பேசினா வர்றவங்க தலையை ஆட்டிக்கிட்டே இருக்காங்க, வெட்ட முடியல. கோபம் வந்தாத்தான் கழுத்து ஆடாம நிக்குது."