நாற்பத்தொன்றாம் வண்டி

ஜெயஸ்ரீ கம்ப்யூட்டர் திரையைத் திறந்ததுமே வெள்ளைத்துரை முதல் தப்பைக் கண்டுபிடித்துவிட்டார்.

"பேரெல்லாம் பளிச்சுனு தெரியுதேம்மா. இதான் தகவல் பாதுகாப்பா?"

அடையாறு ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அன்று பரீட்சை. அறுபது அதிகாரிகளின் அரசாங்கக் கார்களில் கருவி பொருத்தி, அவை சென்னை நெரிசலில் எங்கே ஓடுகின்றன, எங்கே நிற்கின்றன என்று ஒரு வருஷமாக ஆராய்கிறாள். தணிக்கைக்கு வந்திருக்கும் வெள்ளைத்துரை கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷ அரசு நிதி வரும். இல்லையென்றால் ஆய்வுக்கு மூடுவிழா.

பெயர்களை நீக்கி எண் கொடுத்தாள். எந்த எண் யாருடையது என்ற பட்டியலைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"ராத்திரி எந்த வீட்டு வாசல்ல நிக்குதுன்னு பாத்தா ஆள் தெரிஞ்சுடுமே?"

வீடுகளை அழித்தாள். அடுத்து அலுவலகங்கள் அவர் கண்ணை உறுத்தின. அவற்றையும் அழித்தாள்.

வீடும் அலுவலகமும் போனபின் வரைபடத்தில் மிஞ்சியவை, யாரிடமும் சொல்லாமல் போகிற இடங்கள் மட்டும்தான். தி.நகர் நகைக்கடை, ஜோசியர் வீடு, மயிலாப்பூர் போண்டாக் கடை. நாற்பத்தொன்றாம் வண்டியோ, திங்களும் புதனும் தவறாமல் மதியம் ஒரு மணிக்கு ராயப்பேட்டைப் பிரியாணிக் கடை வாசலில் முக்கால் மணி நேரம் நின்றது.

வெள்ளைத்துரை பெருமூச்சு விட்டார். அவருக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து மனைவி பங்கஜம் தினமும் கேழ்வரகுக் கஞ்சிதான் கொடுத்தனுப்புகிறாள். அவருக்குத் துணையாகத் தானும் அதையே குடிப்பதாகக் கேள்வி.

"குடுத்து வச்சவன். யாரும்மா இந்த ஆளு?"

"சொல்லக் கூடாது சார்."

"நான் தணிக்கை அதிகாரிம்மா."

"அதனாலதான் சார் சொல்லக் கூடாது."

ஆபீஸ் நேரத்தில், அரசாங்கப் பெட்ரோலில் பிரியாணியா என்று அதட்டிப் பார்த்தார். பிறகு ரகசியமாகக் கெஞ்சியும் பார்த்தார். ஜெயஸ்ரீ பீரோ சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

சற்றுப் பொறுத்து அவரே சிரித்துவிட்டார். "பாஸும்மா. இவ்ளோ மிரட்டியும் வாயத் தொறக்கலையே நீ."

'இந்தத் தகவலை வைத்து எவராலும் ஆளை அடையாளம் காண முடியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

காலிக் கஞ்சித் தூக்கை எடுக்க வந்த அவருடைய டிரைவர் சக்திவேல், திரையில் இன்னும் தெரிந்த நாற்பத்தொன்றாம் வண்டியின் வரைபடத்தை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், நம்ம வண்டியப் படம் போட்டு வச்சிக்கீறீங்க? கஞ்சி எடுக்கப் போவசொல்ல, அம்மா பிரியாணி துன்னு முடிக்கிற வரிக்கும் அங்கதான சார் நிக்கும்?"