பதினைந்து நிமிடமும் திரைக்குப் பின்னால்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள், வீடு அடங்கிய பிறகு எழுதுவது. அங்கே நீங்களும் அத்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே இரண்டேமுக்கால் பேர் சௌக்கியம். மீதிக் கால் பங்கு என் வலது தோள்.

சட்டசபைச் செயலகத்தில் உட்கார்ந்து மசோதாவுக்கு வாசகம் எழுதும் மாமா எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அக்குபங்சர் சட்டம் வந்தபோது, "அதுல பன்னெண்டாவது பிரிவு நான் எழுதிக் குடுத்ததும்மா" என்று நீங்கள் சொன்னதைத் தெருவில் பாதிப் பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். இனி ஊசி வைத்தியத்துக்கும் இன்சூரன்ஸ் உண்டு. ஆனால் ஊசி குத்தியவர் பதினைந்து நிமிடம் நோயாளியின் கண்ணெதிரிலேயே இருக்க வேண்டும். அதுதானே அந்தப் பிரிவு? குத்திவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களை நினைத்து எழுதியிருப்பீர்கள். தாடியைக் கண்டால் அலறும் என் பத்து மாதக் குழந்தையை நினைத்து எழுதவில்லை.

அவளைத் தூக்கித் தூக்கித்தான் தோள் பிடித்துக்கொண்டது. கை காதுவரை ஏறவில்லை. இடது கையால் மூட்டை மாதிரி அள்ளுகிறேன், எப்போது நழுவவிடுவேனோ என்று தூக்கத்திலும் பயம். விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாமல் அவளையும் தள்ளுவண்டியில் வைத்து அக்குபங்சர் க்ளினிக்குக்குப் போனால் அங்கே ஊசி குத்தும் நிபுணருக்கு மார்புவரை தாடி, இவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் படுத்திருந்தவர் முதுகில் ஊசியோடு ஓடிவந்தார், நிபுணர் பாவம் திரைக்குப் பின்னால் ஒளிந்தார், அழுகை நின்றது, எட்டிப் பார்த்தார், மறுபடி ஆரம்பம், "இங்கயேதாம்மா நிக்கிறேன், அசையாதீங்க" என்று திரைதான் என்னோடு பேசியது, இப்படியே ஆறு தடவை போய்வந்தேன். படித்தவள் பொய் எழுதலாமா என்று, படிவத்தில் 'நிபுணர் எங்கே இருந்தார்?' என்ற கேள்விக்கு ஆறு தடவையும் 'திரைக்குப் பின்னால்' என்று எழுதிவைத்தேன். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரே பதில்: பன்னிரண்டாம் பிரிவின்படி சிகிச்சை நடக்கவே இல்லை.

என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, "உங்க மாமா சட்டம் நல்லாத்தான் வேலை செய்யுது. அந்த ஊசிக்காரரைத் தாடிய எடுக்கச் சொல்லேன்" என்றார். கேட்டேன். "முப்பது வருஷத் தாடிம்மா. ஒரு பிரிவுக்காகவெல்லாம் எடுக்க முடியாது" என்றது திரை.

ஆகவே மாமா, 'கண்ணெதிரில்' என்பதை அடித்துவிட்டு 'கூப்பிடு தூரத்தில்' என்று போட்டுவிடுங்கள். அதற்குச் சட்டசபை கூட வேண்டும் என்கிறார் இவர். கூட்டுங்கள். இவள் நடக்க ஆரம்பிப்பதற்குள் எனக்கு இரண்டு கையும் வேண்டும்.

அத்தைக்கு என் வணக்கம். உங்களுக்குத் தாடி இல்லாததால் பேத்தியின் முத்தத்தைத் தைரியமாக அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அவள் அழுதாள். போய் எடுத்து, தலைக்கு மேலே தூக்கிச் சிரிக்கவைத்து, தூங்கவைத்துவிட்டு வந்து பேனாவை எடுத்த பிறகுதான் உறைத்தது, இரண்டு கையாலும் தூக்கியிருக்கிறேன். வலிக்கவில்லை. பயத்தில் பத்து நாளாக அந்தக் கையை உயர்த்திப் பார்க்கவே இல்லை நான். நடக்கவே நடக்காத சிகிச்சையில் குணமாகிவிட்டேன் மாமா, பிரிவைத் தொடாதீர்கள். ஆனால் கடைசிப் படிவத்தில் 'குணமானது எதனால்?' என்று கேட்டிருக்கிறார்களே, அதற்கு என்ன எழுதுவது? கடிதம் கிடைத்ததும் போன் பண்ணுங்கள்.