சம்பந்தியம்மா வந்தால் இருளும் டிவி

புக்கிட் பெருந்துங்,
ஞாயிறு மாலை.

கோலா குபு பாருவில் பெருமையோடு வாழும் மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. திவாகரன் அவர்களுக்கு, புக்கிட் பெருந்துங் நாகையா இரு கரம் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் இராஜம்மாவும் நலமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய்யில் தொடங்கும் கடிதம் எங்கே போய் முடியுமோ என்ற பயத்தில், உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். தங்களுக்கும், சம்பந்தியம்மாவுக்கும், மாப்பிள்ளை தீபனுக்கும், எங்கள் மகள் யோகிக்கும், அவள் வயிற்றில் இருந்துகொண்டு இன்னும் முகம் காட்டாத அந்தப் பெரிய மனிதருக்கும் ஒரு குறையும் வராமலிருக்க முருகனை வேண்டுகிறேன்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் எச்டிஎம்ஐ என்று ஆரம்பித்தவுடன் நீங்கள் “சரி சம்பந்தி, சரி சம்பந்தி” என்று வைத்துவிடுகிறீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கே போனை வைத்துவிடத்தான் தோன்றுகிறது. கடிதம் என்றால் பாதியில் வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம்.

விஷயம் இதுதான். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு யோகியை எங்கள் வீட்டுக்கு அனுப்புவதாகத் தாங்கள் வாய் நிறையச் சொல்லியிருந்தீர்கள். அவளை அழைத்து வர நான் காரைக்கூட உள்ளும் புறமும் கழுவி வைத்தேன். அதற்குள் நம் வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து நடந்தது. அதன் பிறகு, “அதெல்லாம் அப்புறம் பாக்கலாம்” என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார்களாம். இராஜம்மா மகளுக்காகப் புது மெத்தை வாங்கி, மேலே சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல் போட்டு வைத்திருக்கிறாள். தினமும் காலையில் அறைக்குள் போய் அந்த மெத்தையைப் பார்க்கிறாள், வெளியே வந்து என்னைப் பார்க்கிறாள். வாய் திறந்து திட்டினால்கூடப் பரவாயில்லை. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, சம்பந்தி.

அன்று நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். கல்யாண வீடியோவை வீடியோக்காரர் ஒருவழியாகக் கொடுத்துவிட்டார், பேரப்பிள்ளை பிறப்பதற்குள் கொடுத்தாரே என்று சந்தோஷப்பட்டு, ஜொகூரில் வேலை செய்யும் என் மகன் பவனேஷ் தீபாவளிக்கு வாங்கி மாட்டிவிட்டுப் போன ஹோம் தியேட்டரில் அதைப் போட்டு இரண்டு குடும்பமும் சேர்ந்து பார்க்கலாம் என்று ஆசைப்பட்டது நான்தான். டிவிக்குக் கீழே கறுப்பாக ஒரு பெட்டி இருந்ததல்லவா, அதற்குப் பெயர் ரிசீவர். படமும் சத்தமும் முதலில் அதற்குள் போய், அங்கிருந்து ஒரு வயர் வழியாக டிவிக்கு வரும். அந்த வயர்தான் எச்டிஎம்ஐ. நேராக டிவிக்கே போனால் என்னடா என்று நானும் கேட்டேன். “சவுண்ட் வேணும்லப்பா” என்றான். எங்கள் வீட்டில் சவுண்டுக்கு என்றைக்குக் குறை இருந்தது என்று கேட்க வாயெடுத்தேன், இராஜம்மா பக்கத்தில் நின்றதால் விட்டுவிட்டேன்.

ஜெராம் கடற்கரை வரை போய் நண்டு வாங்கி வந்து, ஆட்டிறைச்சிப் பிரட்டலும் வைத்து, உங்களையெல்லாம் நடுச் சோபாவில் உட்காரவைத்து, நான் ஓரமாக என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படத்தைப் போட்டேன். நாதஸ்வரம் நாலு மூலையிலிருந்தும் வந்தது, நீங்கள்கூடத் தலையாட்டினீர்கள். சம்பந்தியம்மா பச்சைப் பட்டில் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள், திரை இருட்டு. படம் திரும்பி வந்தபோது ஐயர் மட்டும் இருந்தார். சம்பந்தியம்மா கூறைச்சேலைத் தட்டை எடுத்துக் கொடுத்தார்கள், இருட்டு. தட்டு வந்தது, அவர்கள் வரவில்லை. மருமகளுக்குச் சங்கிலி போட்டார்கள், மறுபடி இருட்டு. ஆனால் என் தங்கை கொட்டாவி விட்டதும், பந்தியில் யாரோ அப்பளத்தை நொறுக்கியதும் கண்ணாடி மாதிரித் தெளிவாகத் தெரிந்தன. இருட்டும்போதெல்லாம் நான் கேபினெட்டுக்குப் பின்னால் போய்த் தலையை உள்ளே விட்டு வயரை அழுத்தினேன். வெளியே வந்து பார்த்தால் சம்பந்தியம்மாவின் காட்சி முடிந்திருக்கும். உங்கள் தம்பி சேது வேறு, “அண்ணிய மட்டும் சென்சார் பண்ணிட்டாங்க லா” என்றார். சிரித்தது அவர் மட்டும்தான். சம்பந்தியம்மா பாயசத்தைத் தொடாமல், தலை வலிக்கிறது, கிளம்பலாம் என்றார்கள்.

உங்கள் கார் முனை திரும்பியதிலிருந்து நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வயரைப் பிடுங்கித் துடைத்துச் செருகினேன், படம் போனது. வேறு துவாரத்தில் செருகினேன், போனது. எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் பெட்டி ஆறட்டும் என்று வெளியே போய் உட்கார்ந்தேன், வந்து பார்த்தால் அப்போதும் போனது. பெட்டி சூடாகிறது, மேலே ஏன் பின்னல் துணி விரித்தாய் என்று இராஜம்மாவிடம் கேட்டேன், துணியை எடுத்தாள், அதோடு எனக்குக் காப்பி போடுவதையும் நிறுத்தினாள். படம் போவது நிற்கவில்லை. பவனேஷ் போனிலேயே ஏதோ அப்டேட் செய்யச் சொன்னான், செய்தேன், அன்றிலிருந்து அந்தப் பெட்டி எனக்குத் தெரியாத ஏதோ வெள்ளைக்காரப் பாஷையில் எழுத்துக் காட்டுகிறது. தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்றையும் வைத்துக்கொண்டு மில் ஆபீஸில் காலம் தள்ளியவன் நான், சொந்த வீட்டு வரவேற்பறையில் படிக்கத் தெரியாதவனாகிவிட்டேன்.

பிறகு மின்சாமான் கடை இக்பாலைக் கூப்பிட்டேன். அவர் தரையில் உட்கார்ந்து கல்யாணம் முழுவதையும் பார்த்தார். வேலை செய்ய வந்தவர் தரையில் இருக்கும்போது நான் நாற்காலியில் உட்காருவது நன்றாக இருக்காது என்று பக்கத்திலேயே நின்றேன். படம் ஒரு தடவைகூடக் கண் சிமிட்டவில்லை. “படத்துக்கு ஒண்ணும் இல்ல அங்கிள். அந்தப் பச்சைப் பட்டு அம்மா யாரு, நல்லா ராணி மாதிரி இருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். இதை அவர் சொன்னபடியே சம்பந்தியம்மாவிடம் தெரிவிக்கவும். அவர் மோட்டார் சைக்கிள் கிளம்பியது, நான் அப்பாடா என்று உட்கார்ந்தேன், மறுபடி போட்டேன், பச்சைப் பட்டு வந்தது, படம் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சம்பந்தி.

கண்டுபிடித்தது இராஜம்மா. பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “படம் தானா போகலைங்க. நீங்க எந்திரிக்கிறப்பதான் போகுது” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் அவள் சொன்னதைப் பொய்யாக்கிக் காட்டலாம் என்று உட்கார்ந்தேன், எழுந்தேன். போனது. உட்கார்ந்தேன், எழுந்தேன். போனது. முட்டி வலிக்க வலிக்க அன்று முழுக்க அதே வேலைதான். சோபாவிலிருந்து எழுந்தால் ஒன்றுமில்லை. நான் ஓய்வு பெற்றபோது ஆபீஸில் கொடுத்த சுழல் நாற்காலியிலிருந்து எழுந்தால் மட்டும் படம் போகிறது. பவனேஷிடம் சொன்னேன். அந்த நாற்காலித் தண்டுக்குள் காற்று அடைத்திருக்கிறதாம். ஆள் எழுந்து பாரம் குறையும்போது கண்ணுக்குத் தெரியாத மின்சாரப் பொறி ஒன்று கிளம்புமாம். அவன் வாங்கிப் போட்ட மட்டமான வயர் அதை வாங்கிக்கொண்டு அதிர்ந்து போகுமாம். உடனே பெட்டியும் டிவியும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல், முதலிலிருந்து நீ யார், நான் யார் என்று விசாரித்துக்கொள்ளுமாம். அதுவரைக்கும் இருட்டாம்.

இப்போது தாங்கள் கேட்கலாம், உட்கார்ந்து படம் பார்க்கிறவன் எதற்காக எழுந்தான் என்று. இங்கேதான் என் மனது கிடந்து அடித்துக்கொள்கிறது. சம்பந்தியம்மா வந்தால் நான் எழுந்து நிற்பேன். பெண் கொடுத்த நாளிலிருந்து அது எனக்குப் பழக்கம். நேரில் வந்தால் என்ன, டிவியில் வந்தால் என்ன, என் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் திரையில் தலை காட்டினால் என் கால்கள் தாமாகவே நிமிர்ந்துவிடுகின்றன. தங்கள் முகம் வந்தபோது படம் போகாததற்கும் காரணம் அதுதான், தப்பாக நினைக்கக்கூடாது, நாம் இருவரும் ஒரே மேசையில் தே தாரிக் குடிக்கிறவர்கள், நமக்குள் எழுவதும் உட்காருவதும் கிடையாது. ஆக, அன்று சம்பந்தியம்மாவை மறைத்தது எங்கள் அலட்சியமல்ல, நான் காட்டிய மரியாதை. ஒவ்வொரு தடவையும் நான் எழுந்தேன் என்பதை எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சொல்லத் தயார்.

அந்த நாற்காலியைப் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டேன், பூனை படுத்திருக்கிறது. நல்ல தடிமனான வயர் வரப்போகிறது. எனக்கு இதற்கு மேல் தெம்பில்லை, சம்பந்தி. இன்னொரு முறை குடும்பத்தோடு வந்து சம்பந்தியம்மாவை முழுமையாகப் பார்த்துவிட்டுப் போங்கள். யோகியை மட்டும் சொன்னபடி அனுப்பி வையுங்கள். தங்கள் வீட்டில் பால் பொங்குவது போல் சந்தோஷம் பொங்கட்டும், பிறக்கிற பிள்ளை ஆணோ பெண்ணோ இரு வீட்டு மடியிலும் புரளட்டும் என்று வாழ்த்தி, பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் கூறி முடிக்கிறேன்.

தங்கள் அன்பை என்றும் வேண்டும்,
நாகையா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் யோகி போன் செய்தாள். கடிதம் நன்றாக வந்திருக்கிற பெருமையில் முழுவதையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும், “அப்பா, அத ஒட்டாதீங்க” என்றாள். டிவி இருண்டதில் சம்பந்தியம்மாவுக்குக் கோபமே இல்லையாம். இத்தனை நாள் மனதில் வைத்திருந்ததை இன்றைக்குத்தான் மருமகளிடம் வாய்விட்டுச் சொன்னார்களாம். “அது மெஷினு, போகும் வரும். ஆனா என் மூஞ்சி வந்தாப் போதும், உங்கப்பா எந்திரிச்சுப் பின்னால போயிடறாரு. ஒரு தடவைன்னா சரி. ஒவ்வொரு தடவையுமா?” அதையேதான் நான் மேலே இத்தனை பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறேன். கிழித்துப்போட்டு வேறு எழுத என்னால் ஆகாது. நாளைக் காலையில் நானே காரை எடுத்துக்கொண்டு இதை நேரில் கொண்டு வருகிறேன். எனக்கு நாற்காலி எதுவும் போட வேண்டாம் என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லுங்கள். எவ்வளவு நேரமானாலும் நின்றுகொண்டே பேசிவிட்டு மகளை அழைத்துக்கொண்டு வருகிறேன். உட்கார்ந்தால்தானே எழுந்து தொலைக்க வேண்டும்.