நனையாமல் தேர்ந்தெடுத்த முக்குளிப்புத் தலம்

எங்கள் பாலைவனக் கரையில் ஸ்கூபாவுக்கும் ஸ்நார்க்லிங்குக்கும் தகுந்த இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அரசு அங்கீகாரம் பெற்ற முக்குளிப்புத் தலமாக அறிவிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. உத்தரவில் தப்பு சொல்ல முடியாது. எங்கள் பகுதியில் ஒரு பக்கம் முழுக்க மணல், மறுபக்கம் முழுக்கக் கடல். மணலைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்று அப்போது எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குள் இறங்குவது ஸ்கூபா. வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு மேலாக மிதந்தபடியே குனிந்து பார்ப்பது ஸ்நார்க்லிங். இந்த வித்தியாசத்தைக் கோப்பில் எழுதி வைத்தவன் நான்தான். சுற்றுலாத் துறையின் கரையோரக் கிளையில் நான் உதவியாளன். இரண்டில் ஒன்றையாவது செய்து பார்த்தவர் எங்கள் அலுவலகத்தில் கிடையாது. செய்து பார்ப்பது எங்கள் வேலையும் இல்லை.

எனக்கு இந்தத் தேர்வில் தனி அக்கறை இருந்தது. மனைவியும் மகளும் தலைநகரில், நான் இந்தப் பொட்டலில். குடும்பத்தோடு வந்து இருக்க இங்கே குவார்ட்டர்ஸ் கிடையாது, குழந்தைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. கதவை எத்தனை இறுக்கிச் சாத்தினாலும் மணல் உள்ளே வந்துவிடும். காலையில் மேசையைத் துடைத்தால்தான் மேசை இருப்பதே தெரியும். மாற்றல் கேட்டு நான் கொடுத்த மனுக்கள் எல்லாம் அந்த மணலுக்கு அடியில்தான் எங்கோ கிடந்தன. கடைசியில் இயக்குநரே மனமிரங்கி ஒரு வாக்குக் கொடுத்தார். தலம் தேர்வாகிற அன்றைக்கே என் மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். அன்று முதல் அந்தக் கடலோரத்தில் ஒரு நல்ல இடம் கிடைக்க வேண்டுமே என்று என்னைப்போல் ஏங்கியவன் வேறு யாரும் இருக்க முடியாது.

குழு அமைக்கப்பட்டது. தலைவர் இயக்குநர். உறுப்பினர்கள் இரண்டு பேர். ஒருவர் பாதுகாப்பு அதிகாரி. பணி நேரத்தில் எந்த ஊழியரும் கணுக்காலுக்கு மேல் நனையக் கூடாது என்று சுற்றறிக்கை விட்ட புண்ணியவான். இன்னொருவர் தலைநகரிலிருந்து வரவழைக்கப்பட்ட ஆலோசகர். அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாததால் அவருக்கு நாங்கள் கூலிங்கிளாஸ் என்று பெயர் வைத்திருந்தோம். நான் குறிப்பெடுப்பவன். மாதிரிக்காக வாங்கிய முக்குளிப்புக் கண்ணாடிகளை ஒரு பையில் போட்டு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

முதல் இடம் பிரமாதமான இடம் என்று எல்லோரும் சொன்னார்கள். அடியில் பவளத் தோட்டமே இருக்கிறதாம். இயக்குநர் கரையில் நின்று, பைனாகுலரைக் கண்ணில் வைத்துக் கடலை வெகுநேரம் பார்த்தார்.

"மீன் எங்கய்யா?" என்றார்.

"உள்ள இருக்கு சார்," என்றேன்.

"உள்ள இருக்கறதுக்கு நான் எப்படிச் சான்று கொடுக்கறது? கண்ணால பார்க்காத எதுக்கும் கையெழுத்துப் போடற பழக்கம் எனக்கு இல்ல."

எனக்கு இது புதுச் செய்தி. வருஷக்கணக்காக அவர் முன்னால் கோப்புகளைப் பிரித்து வைத்து, அவர் போனில் பேசிக்கொண்டே போடும் கையெழுத்துகளுக்கு மை ஒற்றியவன் நான். அங்கே இருந்த முக்குளிப்பாளர் ஒருவர் தானே இறங்கிப் பார்த்துச் சொல்வதாக முன்வந்தார். வெளியாள் பார்ப்பது அதிகாரியின் மேற்பார்வையில்தான் செல்லும், மேற்பார்வை செய்ய அதிகாரியும் உடன் இறங்க வேண்டும், அதிகாரி இறங்கினால் நனைவார் என்று பாதுகாப்பு அதிகாரி எடுத்துச் சொன்னார். ஆக அந்த இடம் நிராகரிக்கப்பட்டது. "ஆய்வின்போது மீன்கள் ஆஜராகவில்லை" என்று நான் காரணம் எழுதினேன்.

இரண்டாவது இடத்தில் மீன்கள் ஆஜராகவே இருந்தன. தண்ணீர் கண்ணாடி மாதிரி. மஞ்சளும் ஊதாவுமாகக் கரை வரைக்கும் வந்து எங்கள் நிழலை மோந்து பார்த்துவிட்டுப் போயின. மாற்றல் உத்தரவு கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். மனைவியிடம் போனில் சொல்லவும் சொல்லிவிட்டேன்.

கூலிங்கிளாஸ் பையிலிருந்து ஒரு விளம்பர ஏட்டை எடுத்தார். தலம் தேர்வாவதற்கு முன்பே அச்சடித்து முடித்துவிட்டார்கள். அட்டையில் இருந்த கடலையும் எதிரே இருந்த கடலையும் மாறி மாறிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அச்சில் இருக்கிற நீலம் இங்கே இல்லையாம். ஏட்டை மாற்றி அச்சடிக்கலாமே என்றேன். அச்சானது அச்சானதுதான், கடல்தான் ஒத்துப்போக வேண்டும் என்றார். பாதுகாப்பு அதிகாரியின் கவலை இன்னும் ஆழமானது.

"தண்ணி இருக்கற வரைக்கும் ஆபத்து இருக்கு சார்," என்றார் இயக்குநரிடம். "அதை எடுத்துட்டா எனக்கு ஆட்சேபணை இல்ல."

எதை எடுப்பது என்று இயக்குநர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு குழு போட்டிருப்பார்கள். ஆக அந்த இடமும் நிராகரிக்கப்பட்டது.

திரும்பும் வழியில் ஓட்டுநர் குறுக்குப் பாதை என்று எங்கேயோ திருப்ப, கடல் கண்ணுக்கே தெரியாத உள்பகுதியில் ஒரு பெரிய மணல் பள்ளத்தில் ஜீப் புதைந்தது. சுற்றிலும் மணல், மேலே வெயில். இதில் காற்று வேறு கிளம்பி மணலை வாரிக் கண்ணில் அடித்தது. வேறு வழியில்லாமல் எல்லோரும் மாதிரிக் கண்ணாடிகளை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டோம். வெயில் தாங்காமல் இயக்குநர் ஜீப்பின் நிழலில் குப்புறப் படுத்துவிட்டார். கூலிங்கிளாஸ் பொழுது போகாமல் அவரை ஒரு போட்டோ எடுத்தார். எடுத்ததைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். படத்தில் மணல் அலையலையாக இருந்தது. நிழல் நீலம் பாய்ந்திருந்தது. நடுவில் முக்குளிப்புக் கண்ணாடியோடு இயக்குநர் கைகால் பரப்பிக் கிடந்தார். சும்மா சொல்லக் கூடாது, நடுக்கடலின் அடியில் நீந்துகிற மாதிரியே இருந்தது.

"சார், இதுதான் நம்ம இடம்," என்றார் கூலிங்கிளாஸ். இந்தக் காலத்தில் யாரும் எதையும் பார்க்க வருவதில்லை, பார்த்ததாகப் படம் பிடித்துப் போடத்தான் வருகிறார்கள் என்று விளக்கினார். பாதுகாப்பு அதிகாரி பள்ளத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுக் கண் கலங்கி வந்தார். அவருடைய சர்வீஸில் யாருமே மூழ்க முடியாத ஒரு முக்குளிப்புத் தலத்தை அவர் கண்டதில்லையாம்.

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. "சார், இங்க கடல் இல்லையே," என்றேன்.

இயக்குநர் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு என்னை நிதானமாகப் பார்த்தார். "குறிப்பை நீங்களே எழுதுங்க. எவ்வளவு சீக்கிரம் எழுதறீங்களோ அவ்வளவு சீக்கிரம் மாற்றல்."

பெற்ற மகளின் முகம் கண்ணில் நிற்கும்போது கடல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அன்று சாயங்காலமே எழுதினேன். "மேற்படி தலம் கடலிலிருந்து பாதுகாப்பான தொலைவில் அமைந்துள்ளது. நீர்மட்டம் ஆண்டு முழுவதும் சீராக உள்ளது. அலை, நீரோட்டம், சொறிமீன் தொல்லை அறவே இல்லை. அடிப்பரப்பு எவ்வித இடையூறுமின்றித் தெளிவாகத் தென்படுகிறது." இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. மேலிடத்தில் ஏகமனதாக ஒப்புதல் ஆனது.

திறந்த நாளிலிருந்து கூட்டம் என்றால் கூட்டம், அப்படி ஒரு கூட்டம். பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். ரப்பர் உடையை மாட்டி, முதுகில் உருளையைக் கட்டி, காலில் துடுப்புச் செருப்போடு தத்தித் தத்திப் பள்ளத்தில் இறங்கிக் குப்புறப் படுத்தார்கள். பலகையில் மீன் வெட்டி, வர்ணம் அடித்து, கம்பியில் குத்தி அங்கங்கே நட்டுவைத்தோம். போட்டோ எடுக்கும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படிச் செய்யச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லை. வெயிலில் மயங்கி விழுந்தவர்களுக்கு "ஆழம் கண்டவர்" என்று சான்றிதழ் கொடுத்தோம். அதற்காகவே சிலர் உச்சிவேளையில் வந்து காத்திருந்தார்கள். இங்கே வந்து படுத்து எழுந்திருக்காதவனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற அளவுக்கு நாகரிகம் முற்றியது. பள்ளத்தைச் சுற்றி ஓட்டல்கள் வந்தன, குவார்ட்டர்ஸ் வந்தது, பள்ளிக்கூடமும் வந்தது.

இதற்கிடையில் வழி தவறி நிஜக் கடலுக்குப் போய்விட்ட சிலர் புகார் கொடுத்தார்கள். அங்கே உடம்பெல்லாம் நனைந்துவிடுகிறது, வாய்க்குள் உப்பு போகிறது, துறையின் தரத்துக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார்கள். துறை உடனே நடவடிக்கை எடுத்தது. கரை நெடுக வேலி போட்டு, "இது அங்கீகரிக்கப்படாத கடல். உள்ளே நுழையக் கூடாது" என்று பலகை வைத்து, வாயிலுக்குப் பூட்டும் போட்டார்கள்.

அந்தப் பூட்டுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டியிருந்தது. அதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வாக்கை இயக்குநர் அப்போதுதான் காப்பாற்றினார். மாற்றல் உத்தரவைப் பிரித்துப் பார்த்தால், அந்தப் பூட்டுக்குப் பொறுப்பாளனாக என்னையே போட்டிருந்தார்கள். ஓடிப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"மாற்றல்னுதான் சொன்னேன்," என்றார் அவர். "எந்த ஊருக்குன்னு சொன்னேனா?"

ஆக, இருந்த பொட்டலையும் விட்டு இன்னும் தள்ளி, கடலுக்குக் காவலாகப் போய் உட்கார்ந்தேன். பேச்சுத் துணைக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. பள்ளி விடுமுறையில் மனைவியும் மகளும் வந்தார்கள். வருகிற வழியில் மணல் தலத்தில் இரண்டு நாள் தங்கி, படம் எல்லாம் எடுத்துக்கொண்டு, என்னிடம் வந்து சேர்ந்தார்கள். பரவாயில்லை, அதிகாரிகள் யாரும் பார்க்காததை என் குழந்தைக்குக் காட்டுகிறேன் என்று சாவியை எடுத்தேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டாவது இடத்தில் இறங்கினேன். கணுக்கால் என்ன, கழுத்து வரைக்கும் நனைந்தேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருவரும் தண்ணீருக்குள் குனிந்தோம். அத்தனை வருஷம் அந்தக் கரையில் வேலை பார்த்தும் நான் குனிந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னவென்று சொல்ல! பவளக் கிளைகளுக்கு நடுவே மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து, சட்டென்று திரும்பி, எங்கள் விரல் நுனியைத் தொட்டுவிட்டு ஓடின. இதையா பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது. தலையைத் தூக்கி, எப்படி இருக்கிறது என்று மகளைக் கேட்டேன்.

"போப்பா," என்றாள். "இந்த மீன் எதுவுமே ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. அங்க இருக்கறதெல்லாம் எவ்வளவு நேரமானாலும் நிக்கும்."

மனைவி கரையில் நின்று ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். முகத்தில் சந்தோஷமே இல்லை. "என்னங்க இது, ஒரே பிசுபிசுன்னு," என்றாள். "அங்க எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க. குவார்ட்டர்ஸ் இருக்கு, நல்ல ஸ்கூல் இருக்கு. அங்க மாற்றல் கேளுங்க. அடுத்த மாசமே நாங்க ரெண்டு பேரும் வந்துடறோம்."

நான் கடலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அவர்கள் இருவரையும் பார்த்தேன். வாயிலைப் பூட்டினேன். அறைக்குப் போய், தலையைக்கூடத் துவட்டாமல் மனு எழுத உட்கார்ந்தேன். காரணம் என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "நான் தற்போது பணிபுரியும் இடத்தில் கடலைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லாததால், என் குடும்பத்தார் இங்கு வந்து வசிக்க மறுக்கிறார்கள்" என்று எழுதினேன்.

என் மனுக்களில் போன வேகத்தில் திரும்பி வந்தது அது ஒன்றுதான். ஓரத்தில் இயக்குநர் தம் கைப்பட எழுதியிருந்தார்: "காரணம் நியாயமானது."