கப்பல் நானா கரை சேர்ந்த கதை

மாத்தளையிலிருந்து கடல் தாண்டியவர்கள் இரண்டே வகை. கப்பல் நானாவைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் ஒரு வகை. சுகமாகப் போய்ச் சேர்ந்தவர்கள் இன்னொரு வகை.

வெள்ளைக்காரன் காலத்து மாத்தளையைச் சொல்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. அந்த ஊர்ப் பெரிய தெருவில், ஒரு துணிக்கடையை ஒட்டிய அறையில் கப்பல் டிக்கெட் விற்றவர் நானா. சுவரில் புகைவிடும் கப்பலின் படம், தலையில் துருக்கித் தொப்பி, பேச்சில் ஏழு கடல். ஊருக்கெல்லாம் அண்ணன் என்பதால் நானா; இயற்பெயர் அவருடைய வாப்பாவுக்குத் தெரிந்திருக்கலாம். டிக்கெட் விற்கிறவர் டிக்கெட்டை விற்றுவிட்டுச் சும்மா இருப்பார் என்று நினைக்காதீர்கள். ஆளுக்கேற்ற கப்பலைத் தேர்ந்து கொடுக்கும் பொறுப்பையும் தாமாகவே தலையில் போட்டுக்கொண்டிருந்தார்.

இதற்கென்றே ஓர் ஆடுகதிரை வைத்திருந்தார். வருகிறவரை அதில் உட்காரவைத்து, கையில் விளிம்புவரை பிளேன் டீயைக் கொடுத்து, பின்னால் நின்று ஆட்டுவார். வேட்டி நனைந்தால் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் சின்னக் கப்பல். இரண்டு மணி நேரத்தில் அக்கரை. நனையாவிட்டால் கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு இரா முழுக்கப் போகும் கப்பல். சீமைக்கு லீவில் போகவிருந்த ஒரு தோட்டத்துத் துரைக்கும் இதே மரியாதைதான் நடந்தது. சுடச்சுட டீயை மடியில் கொட்டிக்கொண்டு துரை துள்ளிக் குதித்தார். நானா அசரவில்லை. "துரைக்குக் கால் நல்ல பலமா ஈக்கிது. மேல்தட்டு போதும்" என்றார்.

ரிவர்ஸ்டன் மலைத்தோட்டத்துப் பெரிய கங்காணி ஒருவரைக் கதிரையில் உட்காரவே விடவில்லை.

"ஒங்களுக்குச் சோதனை வாணாம். பனிமலையில பழகின தலை, கீழ்த்தட்டுல போட்டா சுத்தும்."

கங்காணி மேல்தட்டில் போனார். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார் என்று கேள்வி.

நான் அப்போது ஒரு கொக்கோக் கிட்டங்கியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். என் மனைவி சிவகாமி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு, தூத்துக்குடிக்குப் போக வேண்டும். புத்தி கெட்டுப்போய் அவளை நானாவிடம் கூட்டிப்போனேன். அவர் ஆட்டினார். குடம் சுமந்து பழகியவள். ஒரு சொட்டு சிந்தவில்லை. நானா பூரித்துப்போய் இராக் கப்பலை எழுதிவிட்டார். கப்பலேறிய இரவு அவள் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கரையில் கால் வைத்ததும், "இனி இந்தக் கடலைத் தாண்டினா என்னை என்னன்னு கேளுங்க" என்றாள். ஏதோ அசதியில் சொல்கிறாள் என்று நினைத்து மாத்தளைக்குத் திரும்பிவிட்டேன்.

பையன் பிறந்து ஆறு மாதமாயிற்று. சொன்ன சொல்லை அவள் மாற்றவில்லை. நான் பிள்ளையின் முகத்தையே பார்க்கவில்லை. ஒரு சனிக்கிழமை, துணிக்கடையில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த நேரம், நானாவின் முன்னால் போய் நின்றேன்.

"நானா, நீங்க தேர்ந்து குடுத்த கப்பலால எம் பொஞ்சாதி வரமாட்டேங்கிறா."

"கப்பல்ல குத்தமில்ல தம்பி. தங்கச்சி மூச்சு விட்ட விதம் சரியில்ல."

"அப்ப நீங்களே வந்து மூச்சு விடச் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வாங்க."

துணி வாங்க வந்தவர்களெல்லாம் இந்தப் பக்கம் திரும்பினார்கள். நானா சுவரிலிருந்த கப்பலைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். "வாறேன்" என்றார். குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது.

கொழும்பில் கப்பல் இன்னும் கட்டு அவிழ்க்கவில்லை, நானா படுத்துவிட்டார். அப்புறம் நடந்ததைச் சாப்பிட்டுக்கொண்டே வாசிக்கிறவர்களை உத்தேசித்து விட்டுவிடுகிறேன். நடுவில் ஒரு முறை, "மூச்சு விடுங்க நானா" என்றேன். அவரால் என்னைத் திட்டக்கூட முடியவில்லை.

தூத்துக்குடியில் சிவகாமி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வழியெல்லாம் நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளைக் கேட்க அவளுக்கு நேரமில்லை. குதிரைவண்டியிலிருந்து இறக்கப்பட்டுக்கொண்டிருந்த நானாவையே பார்த்தாள். உள்ளே போய்ச் சுக்குத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு வாய் குடித்ததும் நானா உண்மையைக் கக்கினார்.

"தங்கச்சி, நான் இதுக்கு முந்தி கப்பல்ல ஏறினதே இல்ல. கொழும்புக் கரையில நின்டு பாத்ததோட சரி. ஒங்களை வீணா வதைச்சிட்டேன். மன்னிச்சிருங்க."

சிவகாமி முதலில் முறைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் உட்கார்ந்து சிரித்தாள்.

ஆனால் வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. நான் ஒரு வாரம் கெஞ்சினேன். நானா அந்த ஒரு வாரமும் தூத்துக்குடியிலேயே கடை போட்டுத் தங்கிவிடும் யோசனையில் இருந்தார். கிளம்ப வேண்டிய நாளன்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தூக்குக்குப் போகிறவர் மாதிரி கூடத்தில் நின்றார். சிவகாமி அவரைப் பார்த்தாள். என்னையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"இந்த மனுசரை உங்களை நம்பி அனுப்ப முடியாது. நானே கொண்டுபோய் விடுறேன்" என்று பெட்டியில் சேலைகளை அடுக்கத் தொடங்கினாள். தாலி கட்டியவனுக்கு இல்லாத மதிப்பு, தலைசுற்றி விழுந்தவருக்கு இருந்தது.

எந்தக் கப்பல் என்பதையும் அவளே சொன்னாள். தனுஷ்கோடிக் கப்பல். அந்த இரண்டு மணி நேரமும் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, ஒரு கையால் நானாவின் மூக்கருகே எலுமிச்சம்பழத்தைப் பிடித்திருந்தாள். விசிறியை என்னிடம் தந்து, சரியாக விசிறவில்லை என்று ஏசினாள். கடலைத் திரும்பிப் பார்க்கவே அவளுக்கு ஒழியவில்லை. தலைமன்னார் தெரிந்த பிறகுதான் அவளுக்கே நினைவு வந்தது.

"நானா, எனக்கு ஒண்ணுமே செய்யல."

நானா கண்ணைத் திறக்காமலே, "அப்ப சரி, இனி நீங்களே கடையில குந்துங்க" என்றார்.

கரையில் அவரை நானும் சிவகாமியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி இறக்கினோம். பையன் எட்டி அவர் தாடியைப் பிடித்து இழுத்தான். வலித்தாலும் விடுவித்துக்கொள்ளாமல் நடந்தார். எனக்கு அந்த மனிதரை எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.