முட்டுவலி மாத்திரைக்காக ஏறெடுத்த ஜெபம்

நாசரேத்,
வியாழக்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான மருமகன் டாக்டர் பெனிஸ்டனுக்கு, தாய்மாமன் தேவபிரசாதம் தலைகுனிந்து எழுதுவது. நானும் உன் அத்தை ஜெயசெல்வியும் நலம். என் முட்டு மட்டும் நலமில்லை. அடுத்த தெருவில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் முகத்தில் விழிக்க வெட்கமாக இருக்கிறது, அய்யா.

போன வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பம் கேட்டபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நீ எழுதித் தந்த முட்டுவலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஓர் அரசாங்க எச்சரிக்கை போனில் வந்திருந்தது. எழுந்து நின்று, “நம்ம டாக்டருக்கு இது தெரியல போல. கர்த்தர் அவன் கண்ணத் திறக்கணும்னு ஜெபிப்போம்” என்றேன். போதகர் முதற்கொண்டு எல்லோரும் உருகி உருகி ஜெபித்தார்கள். மறுநாளே, கூட்டத்துக்கு வந்திருந்த ஜாய் டீச்சர் நீ கொடுத்த பிரஷர் மாத்திரையையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, இரண்டு நாளில் தலைசுற்றி விழுந்தார். நீயும் மனம் ஒடிந்து, இருமலோடு வந்த ஆறுமுகநயினார் அண்ணாச்சிக்கு வெந்நீரை மட்டும் எழுதிக் கொடுத்தாயாம். “சீட்டுல வெந்நீர்னு எழுதுதான், இதுக்கு பீஸு வேற” என்று அவர் கடைத்தெருவெல்லாம் புலம்புகிறார்.

உன் அத்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டாள். “எச்சரிக்கை வந்த அன்னைக்கே அவன் வீட்டுக்கு வந்து, ‘மாமா, உங்களுக்கு பிரஷர் இருக்கு, இனி இந்த மாத்திரை வேண்டாம், ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க’ன்னு சொன்னாம்லா? நீங்கல்லா பழைய சீட்டக் காட்டி மெடிக்கல்ல வாங்கித் தின்னுக்கிட்டு இருக்கீக!” உண்மைதான். நீ சொன்னதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று ஒவ்வொருவராகப் பார்த்து நீ மருந்தை மாற்றியிருக்கிறாய். உனக்குத் தெரியாமல் தின்றவன் நான், ஜெபித்ததோ உனக்காக. நினைத்தாலே கூசுகிறது.

நாளைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலும் இதைச் சொல்லி உன் பெயரைக் காப்பாற்றுகிறேன். நீயும் பயந்து வெந்நீர் எழுதாதே. தேவையானவர்களுக்குத் தேவையான மருந்தை எழுது. கர்த்தர் உன் கைகளையும் உன் வீட்டையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

உன் மாமா,
தேவபிரசாதம்

பி.கு.: இது சனிக்கிழமை சேர்த்தது. நேற்றுச் சொல்லத்தான் எழுந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். “ஜெபம் கேக்கப்பட்டுச்சு, டாக்டர் அந்த மாத்திரைய விட்டுட்டான்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். ஒரே ஸ்தோத்திரம், கைதட்டல். நீ திருந்தியதற்கு நன்றிக் கூட்டம் அடுத்த வெள்ளிக்கிழமை உன் வீட்டில்தான். என்னால் தரையில் உட்கார முடியாது. ஒரு நாற்காலி போட்டு வை.