சாம்பல் மேடேறக் கூடாது

புகையும் மலையொன்றின் அடியில் ஒரு நாடு இருந்தது. மலையைக் கவனித்து நிலவரம் சொல்ல அலர்மேல் என்ற பெண்ணை அந்நாட்டு அரசு வேலைக்கு வைத்திருந்தது.

தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மலைச்சரிவின் சூடு செருப்பையும் மீறி அவள் காலில் உறைத்தது. பேரமைச்சர் கோவேந்தரிடம் ஓடினாள்.

"மலை வெடிச்சா சாம்பலும் கொதிக்கிற வாயுவும் ஒண்ணா சேர்ந்து தரையோட தரையா இறங்கும் ஐயா. குதிரைல போனாலும் தப்ப முடியாது."

"எந்தப் பக்கம் இறங்கும்?"

"கனமானது ஆத்துப் பள்ளத்துல போகும்."

பள்ளத்து மக்கள் போன முறை எதிரணிக்கு வாக்களித்தவர்கள். பேரமைச்சரின் முகம் தெளிந்தது.

"மேட்டுப் பகுதிதான் நமது கோட்டை. ஆகவே அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை."

"மேல மிதக்கிற லேசான சூட்டு மேகம் பிரிஞ்சு மேட்டுலயும் ஏறிடுங்க ஐயா. அதை ஒரு தடவ மூச்சுல இழுத்தாப் போதும், உள்ளெல்லாம் வெந்துடும்."

அன்று மாலையே ஆணை வந்தது: சாம்பல் மேடேறுதல் சட்டவிரோதம். புகையை மூடுபனி என்றே குறிப்பிட வேண்டும் என்றது மறுநாள் ஆணை. மூன்றாவது, ஊரைவிட்டுப் போகிறவர்களின் வாக்குரிமையைப் பறித்தது. கட்டிய மூட்டைகளை மக்கள் அவிழ்த்துவிட்டார்கள். மேட்டில் குடியிருந்த அலர்மேலின் அக்கா பொற்கொடியும் அவிழ்த்தாள்.

"அதான் சட்டம் போட்டுட்டாங்களேடி," என்றாள்.

ஏழாம் நாள் காலை மலையின் ஒரு பக்கம் புடைத்திருந்தது. அலர்மேல் அரசு முரசைத் தூக்கிக்கொண்டு பள்ளத்திலும் மேட்டிலும் அறைந்தாள்.

"ஏரிக்கு அக்கரைல இலவசச் சேலை. மத்தியானம் வரைக்கும்தான்."

அது பொய்; அவளிடம் ஒரு சேலைகூட இல்லை. சிறிது நேரத்தில் ஏரிப் பாலம் கொள்ளாத கூட்டம். தமக்குத் தெரியாமல் யார் சேலை கொடுப்பது என்று பதறி, பேரமைச்சரும் பல்லக்கில் பின்தொடர்ந்தார்.

நண்பகலில் மலை பிளந்தது. சாம்பல் ஆற்றுப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டு பாய்ந்தது. அதன் மேல்பகுதி தனியே பிரிந்து, மேட்டைத் தாவி, கூரைகளைப் பொசுக்கிவிட்டு ஏரிக்கரையில் ஓய்ந்தது.

அக்கரையில் கோவேந்தர் ஒரு பாறைமேல் ஏறினார்.

"நமது ஆணைக்கு அஞ்சி அது நம்மில் ஒருவரையும் தொடவில்லை. புதிய தலைநகரம் இங்கேயே அமையும். சாம்பல் நீரைக் கடப்பது இன்று முதல் சட்டவிரோதம். வாக்குப்பதிவு முடிந்ததும் அனைவருக்கும் சேலை வழங்கப்படும்."

மக்கள் கைதட்டினார்கள்.

மலை இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. அந்த மேகம் தண்ணீரின்மேலும் ஓடிவரும் என்பது அலர்மேலுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். பொற்கொடி அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"சும்மா இருடி. கெடுத்துடாத. சேலை குடுக்கப் போறாங்க."